அளவு நோட்டு

அம்மாவின் அளவு நோட்டுகளில் யாருடைய பெயரும் இருக்காது. ‘தறி வீட்டுப் பெரியவள்’, ‘கோடி வீட்டு மருமகள்’, ‘ஜவுளிக்கடைச் சின்னம்மா’ என்றுதான் எழுதியிருப்பாள். பக்கத்தில் மார்பு, இடுப்பு, தோள், கை, உயரம் என்று அங்குலக் கணக்கு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், திண்ணையை மறைத்து ஓர் உஷா மெஷினைப் போட்டு ரவிக்கை தைத்தவள் அவள். அவளுக்குப் பிறகு அந்த மெஷினில் நான் உட்கார்ந்தேன். எங்களுடையது தறிக்காரத் தெரு. ஆனால் அம்மாவின் வெட்டு நன்றாக விழும் என்பதால் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை முதலாளி வீடுகளிலிருந்தும் துணி வரும். நெய்கிறவர் வீட்டு உடம்பும் விற்கிறவர் வீட்டு உடம்பும் அப்படித்தான் ஒரே நோட்டில் ஏறின.

எங்கள் இருவருடைய நோட்டுகளில் இரண்டு மற்றவற்றைவிடத் தடிமன். ஒன்று 1979, இன்னொன்று 2019. இரண்டும் அத்தி வரதர் எழுந்தருளிய ஆண்டுகள். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை வெளியே வந்து 48 நாள் தரிசனம் தருகிற பெருமாள் அவர். உறவுக்காரர்கள் ஊர் ஊராக வந்து இறங்குவார்கள், வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆளுக்கொரு புது ரவிக்கையாவது தைத்தாக வேண்டும். 1979இல் நான் கொக்கி கட்டித் தருகிற சிறுமி. 2019இல் கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. அதே தெரு, பெரும்பாலும் அதே குடும்பங்கள். இரண்டு நோட்டையும் அருகருகே விரித்து வைத்தால், நாற்பது ஆண்டில் எங்கள் ஊரில் யார் பருத்தார்கள், யார் மெலிந்தார்கள் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

1979 நோட்டில் தறி வீட்டுப் பெண்களுக்கு மார்பளவு இருபத்தெட்டு, முப்பது. மூன்று பிள்ளை பெற்றவளுக்கும் அதேதான். கைச்சுற்று எட்டரை அங்குலம். அதே நோட்டில் பட்டுக்கடை வீட்டுப் பெண்களுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு. அவர்களுக்குத் துணி பற்றாமல் அக்குளில் தனியாக ஒட்டுப் போட வேண்டியிருக்கும். மெலிந்தவர்களுக்குத் தைக்கும்போது அம்மா உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைப்பாள். “நாளைக்கு நல்ல காலம் வந்து உடம்பு தேறுச்சுன்னா பிரிச்சு விட்டுக்கலாம்” என்பாள். தறிக்காரிக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்பதை அவள் உடம்பில்தான் பார்க்க முடியும் என்று அம்மா நம்பினாள். தெருவில் எல்லோரும் நம்பினார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் ‘பூசினாப்ல’ ஒரு பெண்ணைத் தேடினார்கள். எலும்பு தெரிந்தால் அந்த வீட்டில் சோற்றுக்கு இல்லை என்று அர்த்தம். என் சித்தியை ஒரு வரன் இதற்காகவே தட்டிக்கழித்துவிட்டது. எங்கள் தெருவுக்குப் பாவும் சரிகையும் கொடுத்து வாங்கும் முதலாளிக்குக் கணக்குமேசை விளிம்பில் தொப்பை வந்து முட்டும். அவர் உட்கார்ந்திருந்தால் கடைக்கே ஒரு லட்சணம் என்று பெரியவர்கள் மனதாரச் சொல்வார்கள். அவருக்குச் சர்க்கரை இருந்ததோ என்னவோ, அவருடைய உடம்பை யாரும் நோய் என்று பேசி நான் கேட்டதில்லை. ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று ஒருவரும் அவரைச் சொன்னதில்லை.

அப்பா தறிக்குழியில் காலை இறக்கினால் பொழுது சாயும்வரை ஏற மாட்டார். கோர்வைப் பட்டு அது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், மூன்று நாடா. ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போட இன்னோர் ஆள் வேண்டும், பெரும்பாலும் அது ஒரு சிறுவன். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு இழை பிரிப்பார்கள். பெண்கள் ராட்டையில் தார் சுற்றுவார்கள். ஆட்டுக்கல், அம்மி, கிணறு எல்லாம் அதற்கு மேல். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது, குழியில் ஈரம் ஏறும், வேலை நிற்கும். அடுப்பும் பாதி நாள் நிற்கும். சேலை இறங்கினால்தான் கூலி. இறங்கிய கூலியிலும் வாங்கியிருந்த முன்பணம் போக மிச்சந்தான் கைக்கு வரும். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் சோறும் ரசமும், நடுவில் பசியைத் தள்ளிப்போட டீ. இட்லி தீபாவளிக்கு. மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைக்கிற பெருமாள் கோயில் இட்லிக்கு இந்த ஊர் உலகமெங்கும் பெயர் பெற்றது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது யாராவது பிட்டுக் கொடுத்தால் கிடைக்கிற ஒரு விள்ளல் பிரசாதம்.

பசி இந்த ஊருக்குப் புதிதல்ல. மழை பொய்த்து வாடிய காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சோறிட்டாள் என்கிறது காப்பியம். 1909இல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று ஊரூராகப் பேசினார். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடவும் செய்தார். அரிசியை அவர் தேர்தல் மேடைக்குக் கொண்டுவந்தது வெறும் சாமர்த்தியம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தறிக்குழியில் இருப்பவனின் வயிறு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்த ஊர்க்காரர் அவர்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் முட்டை வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் உடம்பை மாற்றிய திட்டங்கள் இவை, எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் சத்துணவு பள்ளிக்கூடத்தில்தான் கிடைக்கும். கோர்வைக்கு நாடா போடுகிற பையன் அந்த நேரத்தில் தறியில் இருந்தான். முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் உட்காரவைக்கப்பட்ட பட்டுத்தறிப் பிள்ளைகளைப் பற்றி ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் உண்டு. அரசு சோறு போட்டும் அந்தப் பிள்ளைகளின் தட்டுக்கு அது வந்து சேரவில்லை. பிறகு அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் தறிதறியாக ஏறி இறங்கித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்டார்கள். அப்படி மீண்டவர்களும் மீளாதவர்களும் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள். என் 2019 நோட்டில் இருப்பவர்கள் அவர்களும் அவர்கள் மனைவிமார்களும்தான்.

அந்த நோட்டில் தறி வீட்டு மார்பளவு முப்பத்தெட்டு, நாற்பது, சில இடங்களில் நாற்பத்து நான்கு. “அக்கா, போன தீபாவளிக்குத் தைச்சது ஏறவே மாட்டேங்குது, பிரிச்சு விடுக்கா” என்று வருகிறவர்கள் அவர்கள்தான். அம்மா உள்ளே விட்ட இரண்டு அங்குலமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. காந்தி ரோட்டு முதலாளி வீட்டுப் பேத்திகளும் பேரன் மனைவிகளும் முப்பத்திரண்டு, முப்பத்து நான்கில் இருக்கிறார்கள். கையில்லாத ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது தோள் இறுகி, கல்லில் செதுக்கியதுபோல் இருக்கிறது. முன்பு அந்த வீட்டுக்குப் போட்ட அக்குள் ஒட்டை இப்போது தறி வீட்டுக்குப் போடுகிறேன்.

என் தம்பி மகள் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். ஒரு விடுமுறையில் வந்து இரண்டு நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். “அத்தை, எங்க பாடத்துல இருக்கிறது அப்படியே உங்க நோட்டுல இருக்கு” என்றாள். 1989இலேயே சோபல், ஸ்டங்கார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உலகெங்கிலும் நடந்த 144 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்களாம். ஏழை நாடுகளில் பணக்காரர்கள் பருத்திருக்கிறார்கள், பணக்கார நாடுகளில், குறிப்பாகப் பெண்களில், ஏழைகள் பருத்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். 2004இல் பிரேசிலின் மொன்தேரோவும் கூட்டாளிகளும் அந்தத் திருப்பம் எங்கே நிகழ்கிறது என்று கணக்கிட்டார்கள். அன்றைய மதிப்பில் ஆள்வீத தேசிய வருமானம் 2,500 டாலரை நெருங்கும்போதே பெண்களின் பருமன் ஏழைகள் பக்கம் சாயத் தொடங்கிவிடுகிறது. ஒரு நாடு முழுக்கப் பணக்கார நாடாகும்வரை அது காத்திருப்பதில்லை.

நம் நாட்டுக் கணக்கையும் அவளே எடுத்துக் காட்டினாள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1998-99இல் தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள், பருத்தவர்கள் அதில் பாதி. 2015-16இல் பருத்தவர்கள் 30.9 விழுக்காடு. 2019-21இல் 40.4. நாட்டுச் சராசரியோ 24. ஆண்களிலும் நம் மாநிலத்தில் 37 விழுக்காடு. இந்தியா முழுவதையும் எடுத்தால் இன்றைக்கும் வசதி கூடக் கூடப் பருமனும் கூடத்தான் செய்கிறது. ஆனால் இடைவெளி சுருங்குகிறது. ஆகக் கீழ்த்தட்டு ஐந்தில் ஒரு பங்குப் பெண்களில் பருத்தவர்கள் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் ஏறத்தாழ 6 விழுக்காட்டிலிருந்து 10 ஆனார்கள். மேல்தட்டில் 36இலிருந்து 39தான். கீழேதான் ஓட்டம் வேகம். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொரு கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய நீரிழிவு ஆய்வு, 15 மாநிலங்களில் 57,000 பேருக்கு மேல் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகிய வசதியான இடங்களின் நகரங்களில் மட்டும், வசதி குறைந்தவர்களுக்கே சர்க்கரை நோய் அதிகம். ஒரு காலத்தில் ‘பணக்கார வியாதி’ என்று பெயர் வாங்கியிருந்த நோய், நம் நகரத்துச் சந்துகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன், அதற்குப் படிப்பு தேவையில்லை. 2006இல் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். எங்கள் தெருவில் மழைக்காலத்திலும் அடுப்பு எரிந்தது. இதைக் குறை சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு ஐப்பசி மாதத்தைத் தறி வீட்டில் கழித்தவர்களாக இருக்க முடியாது. பின்னாடியே இலவச மிக்ஸி, கிரைண்டர் வந்தன. ஆட்டுக்கல் திண்ணைக்கு வந்து, பிறகு தெருவுக்குப் போனது. அதுவும் பெண்களின் இடுப்புக்குக் கிடைத்த விடுதலைதான். தறிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் கூலி ஏறவும் இல்லை, பிள்ளைகள் தறியிலேயே தங்கிவிடவும் இல்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டின் நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்குள் என்கிறது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கார், போன் தொழிற்சாலைகள் எழுந்தன. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிய இடத்தில் கம்பெனி பஸ் வந்து நின்றது.

கம்பெனி பஸ்ஸில் போகிறவன் ஒரு வாரம் பகலில் தூங்குவான், ஒரு வாரம் இரவில். பேருந்திலிருந்து இறங்கும் நேரத்தில் திறந்திருப்பது பரோட்டாக் கடையும் சிக்கன் ரைஸ் தள்ளுவண்டியும். தறியிலேயே தங்கிவிட்ட வீடுகளில் கதை வேறு. உட்கார்ந்த வேலை அப்படியே இருக்கிறது. உட்காராத வேலைகளான கிணறு, ஆட்டுக்கல், தெரு நீளப் பாவு எல்லாம் போய்விட்டன. தட்டில் சோறு மட்டும் கூடியிருக்கிறது. பக்கத்தில் பருப்போ காயோ அந்த அளவுக்குக் கூடவில்லை. ரேஷனில் அட்டையைப் பொறுத்து மாதாமாதம் அரிசி விலையில்லாமல் வருகிறது. பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், அதுவும் அட்டைக்கு ஒரே ஒரு கிலோ. நாலு பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு கிலோ பருப்பை முப்பது நாளைக்குப் பிரித்துப் பாருங்கள். தறி வீட்டுச் சமையலறையின் முழு வரைபடமும் அதில் இருக்கிறது.

முதலாளி வீட்டுப் பேரன் மனைவி ஒரு நாள் அளவு கொடுத்துக்கொண்டே தன் சாப்பாட்டைச் சொன்னாள். பேலியோ முறை. காலையில் ஊறவைத்த பாதாம் நூறு, மதியம் காய், இரவு கறி அல்லது முட்டை. அரிசி வீட்டிலேயே இல்லை. நல்ல பெண், என்மேல் அக்கறையோடுதான் சொன்னாள். நூறு பாதாமுக்கு நூறு ரூபாய்க்குக் கிட்ட ஆகும். அது ஒரு வேளைக்கு, ஓர் ஆளுக்கு. விடிந்ததும் காரில் போய் இறங்கி விளையாட்டு அரங்கத்தைச் சுற்றி நடக்கிறார்கள். எங்கள் தெருவில் நடக்க இடமில்லை. சைக்கிளுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒதுங்கித்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் பெண்களுக்குக் குழாயில் தண்ணீர் வரும், கம்பெனிக்குப் போகிறவனுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும்.

எனக்கு ஆறாதது இதுதான். எதிர்வீட்டுத் தறிக்காரி ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சர்க்கரைக்குக் காட்டப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவளை நிற்கவைத்தே பேசினார்கள். “வாயைக் கட்டணும்மா. சோத்தைக் குறைக்கணும், நடக்கணும். உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது?” அவள் தலையைக் குனிந்துகொண்டு சீட்டை வாங்கினாள். பிறக்கும்போதே இரண்டு கிலோகூட இல்லாத குழந்தை அவள் என்று அவள் அம்மா சொல்லி எனக்குத் தெரியும். பத்து வயதில் தறியில் உட்கார்ந்தவள். அந்த உடம்பைப் பார்த்துத்தான் வாயைக் கட்டு என்றார்கள். கணக்குமேசையில் தொப்பை முட்ட உட்கார்ந்த முதலாளிக்கு லட்சணம் என்று பெயர். அதே பருமன் தறிக்காரிக்கு வந்ததும் ஒழுங்கீனம் என்று பெயர். மெலிந்திருந்தபோதும் அவள்மேல்தான் குற்றம், பருத்தபோதும் அவள்மேல்தான் குற்றம்.

புனே மருத்துவர் யாஜ்னிக் இதைத்தான் பல்லாண்டுகளாக ஆராய்ந்தார். 2004இல் ‘லான்செட்’ இதழில் அவர் தன்னையும் ஆங்கில நண்பர் யட்கினையும் ஒரே படத்தில் காட்டினார். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3தான். யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2. வயிற்றில் இருக்கும்போதே பசி கண்ட குழந்தை தசையைக் குறைத்துக் கொழுப்பைச் சேமித்துப் பிறக்கிறது, பின்னால் கொஞ்சம் எடை ஏறினாலும் அந்த உடம்புக்கு அது தாங்காது என்பது அவருடைய ஆய்வுகள் காட்டும் திசை. என் தம்பி மகள் இதை விளக்கியபோது நான் 1979 நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு, இருபத்தெட்டரை, முப்பது. அவற்றில் சில, கர்ப்பிணிகளின் அளவுகள். அம்மா ஓரத்தில் ‘மாசம்’ என்று சின்னதாக எழுதியிருந்தாள். அந்த வயிறுகளில் இருந்தவர்கள்தான் இன்று சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

மெலிவும் ஒழிந்துவிடவில்லை. எழுபது வயதில் இன்னும் தறியில் இருக்கும் பெரியவர்களுக்குச் சட்டை தோளிலிருந்து தொங்குகிறது. நாற்பத்திரண்டு அங்குலத் தாயின் கீழேயே இருபத்தொன்பது அங்குல மகளையும் 2019 நோட்டில் எழுதியிருக்கிறேன். வெளுத்த நகமும் மூச்சுவாங்கலுமாக அந்தப் பெண் என் கடைப் படி ஏறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நம் மாநிலத்துப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 கணக்கெடுப்பு. ஒரே பானைச் சோறு, தாய்க்கு எடையாகவும் மகளுக்குச் சோகையாகவும் போய்ச் சேர்கிறது. வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது வரவில்லை.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் எங்கள் தெருவுக்கும் வருகிறது. ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தறியை விட்டு ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களுக்கு இது பெரிய காரியம். வருகிற பெண் எதிர்வீட்டுக்காரியை உட்காரவைத்துப் பேசுகிறாள், “அக்கா” என்று கூப்பிடுகிறாள். மாத்திரை வாசலுக்கு வரும்போது பருப்பும் வரலாம் என்று நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “அது எங்க டிபார்ட்மென்ட் இல்லக்கா” என்று சிரித்தாள்.

எந்தத் துறையாக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கூழ் குடித்து வளர்ந்த எங்கள் தெருவில் இப்போது கேழ்வரகு, ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போதுதான் பலர் நாக்கில் படுகிறது. கடையில் அது பாக்கெட் போட்ட சத்துமாவாகி, பட்டுக்கடை வீடுகளுக்குப் போகிறது. நெசவாளர் சங்கத்துக் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். அரிசியில் ஒரு பிடிகூடக் குறைக்காமல், காஞ்சிபுரத்துக்கும் கேழ்வரகு வேண்டும், அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு மூன்று கிலோ ஆக வேண்டும், பிள்ளையார்பாளையத்தில் பெண்கள் நடக்க வெளிச்சமுள்ள ஓர் இடம் வேண்டும். எதிர்வீட்டுக்காரி முதல் கையெழுத்துப் போட்டாள். மூன்று கிலோ என்பதை அடித்துவிட்டு நாலு என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.